சந்தை வண்டியில் கை தொடாமல் போன் பேசும் கருவி: பொருத்தும் முறை, பேசும் முறை

ஓசூர் வட்டாரத்தில் பறிக்கும் ரோஜா, தக்காளி, முட்டைக்கோஸ், பீன்ஸ், கொத்தமல்லி முதலியவை இரவோடு இரவாகப் பெங்களூரு மண்டிகளுக்குப் போய்ச் சேருகின்றன. பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம் பக்கத்துச் சிறு விவசாயிகள் தனியாகவோ, நான்கைந்து பேர் கூட்டாகவோ ஒரு சிறிய லோடு வண்டியில் சரக்கை ஏற்றி அனுப்புகிறார்கள். பெரும்பாலான வண்டிகள் ஓசூருக்கு வந்து, மூக்கண்டப்பள்ளி சிப்காட் பக்கமாக ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியே போகின்றன. முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்டுள்ள தேசிய நெடுஞ்சாலை இது. கன்டெய்னர் லாரிகள், ஆம்னி பஸ்கள், ஷிப்ட் விட்டு வரும் தொழிலாளர்களின் இருசக்கர வண்டிகள் எல்லாம் ஒன்றாகப் போகிற சாலை.

இந்தச் சாலையில்தான் செல்போனும் அடிக்கடி ஒலிக்கிறது. "கலாசிபாளையத்தில் வரத்து அதிகம், மடிவாளாவுக்கு விடு" என்று மண்டிக்காரர் சொல்கிறார். "ராயக்கோட்டையில் நல்ல விலை போகிறதாமே, திருப்பலாமா?" என்று பங்காளி கேட்கிறார். பேசாமல் இருந்தால் சரக்குக்கு நஷ்டம் வரலாம். ஒரு கையால் ஸ்டீயரிங்கும் மறு கையால் போனும் பிடித்துக்கொண்டு பேசினால் வண்டிக்கும் உயிருக்கும் ஆபத்து. இதற்கு வழியாகத்தான் கை தொடாமல் பேசும் கருவியைப் பலரும் இப்போது பொருத்துகிறார்கள். இக்கருவி கையை விடுவிக்கும். ஆனால் மனத்தை விடுவிக்காது. எனவே பொருத்தும் முறையோடு பேசும் முறையையும் தெரிந்து கொள்வது அவசியம்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு 2019-இல் திருத்தப்பட்டது. வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது இப்பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதலாகக் கருதப்படும். முதல் முறைக்குச் சட்டத்தில் கண்டுள்ள அபராதம் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் பிடிபட்டால் அபராதம் ரூ.10,000. 2020-இல் வந்த விதித் திருத்தம், ஓட்டுபவரின் கவனம் கெடாத வகையில் வழி காட்டும் வரைபடத்துக்கு மட்டும் போனைப் பயன்படுத்த இடம் தருகிறது. இது மத்தியச் சட்டம். ஆகவே ஜூஜூவாடிக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் ஒன்றுதான். ஒரு முறை அபராதம் கட்டினால் அந்த நடையின் வாடகை மிச்சம் கரைந்துவிடும் என்பது வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு.

எந்த வகை ஏற்றது?

சந்தையில் மூன்று வகைகள் கிடைக்கின்றன.

முதல் வகை, முன் கண்ணாடிக்கு மேலே உள்ள வெயில் மறைப்பில் கவ்வி மாட்டும் சிறு பெட்டி. மைக், ஸ்பீக்கர், பேட்டரி மூன்றும் அதனுள்ளேயே இருக்கும். புளூடூத் மூலம், அதாவது ஒயர் இன்றிச் சில மீட்டர் தூரத்துக்குள் போனோடு தொடர்பு கொள்ளும். வண்டி ஒயரில் கை வைக்கவே வேண்டாம். வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்து வந்து மாட்டினால் போதும். ஒரே வண்டியை இருவர் மாறி மாறி ஓட்டினாலும், வாடகை வண்டி எடுத்தாலும் இது வசதி. டீசல் எஞ்சின் இரைச்சலில் சத்தம் சற்றுக் குறைவாகக் கேட்பதே இதன் குறை. ஆகவே வாங்கும்போது கடைக்குள் வைத்துக் கேட்டுப் பார்ப்பதில் பயனில்லை. வண்டியில் ஏறி, எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது வகை, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறு கருவி. இது போனில் வரும் பேச்சை எப்.எம். அலையாக மாற்றி வண்டி ரேடியோ வழியே கேட்கச் செய்யும். விலை குறைவு. ஆனால் இந்த வட்டாரத்துக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. ஓசூரில் பெங்களூரு எப்.எம். நிலையங்கள் நன்றாகவே எடுக்கும். 91.1, 101.3, 102.9 என்று முள் திரும்பும் இடமெல்லாம் ஏதாவது ஒரு நிலையம் பாடிக்கொண்டிருக்கும். மூக்கண்டப்பள்ளியில் காலியாக இருந்த இடத்தில், எலெக்ட்ரானிக் சிட்டியை நெருங்கும்போது கரகரப்பு வரக்கூடும். ஓட்டிக்கொண்டே ஸ்டேஷன் மாற்றுவது போனைக் கையில் பிடிப்பதற்குக் குறைந்த ஆபத்து அல்ல.

மூன்றாவது வகை, வண்டியோடு நிலையாகப் பொருத்துவது. புளூடூத் வசதி உள்ள ஸ்டீரியோ செட்டை டாஷ்போர்டில் வைத்து, தனி மைக்கைத் தலைக்கு அருகே கொண்டு வருவார்கள். சத்தம் தெளிவாக இருக்கும். தினமும் மண்டிக்குப் போகும் சொந்த வண்டிக்கு இதுவே சிறந்தது. வாரத்துக்கு ஒரு நடை மட்டும் போகிறவர்கள் இதற்குப் பணம் போட வேண்டியதில்லை. வெயில் மறைப்பில் மாட்டும் பெட்டியே போதும்.

இயர்போனை இரு காதிலும் செருகிக்கொண்டு ஓட்டுவது இம்மூன்றிலும் சேராது. பின்னால் வரும் லாரியின் ஹாரனும், தன் வண்டியின் டயர் வெடிக்கும் சத்தமும் கேட்காமல் போகும். அதைத் தவிர்க்க வேண்டும்.

பொருத்தும் முன் வோல்ட் பார்க்கவும்

குட்டியானை, பிக்கப், ஓசூர் ஆலையில் உருவாகி 2011-இல் விற்பனைக்கு வந்த தோஸ்த் முதலிய சிறு வண்டிகளும் கார்களும் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்குகின்றன. லாரி, பஸ் முதலிய பெரிய வண்டிகளில் இரண்டு பேட்டரிகளை வரிசையாகச் சேர்த்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். 12 வோல்ட் செட்டைக் கொண்டுபோய் 24 வோல்ட் லாரியில் இணைத்தால் அந்த நொடியே கருகிவிடும். பழைய லாரியில் இருந்து கழற்றிய செட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிச் சிறு வண்டியில் போட்டாலும் சரியாக வேலை செய்யாது. செருகும் சார்ஜர்களில் '12/24' என்று அச்சிட்டிருந்தால் இரண்டுக்கும் ஏற்கும் என்று பொருள்.

எஞ்சின் ஓடாதபோது நல்ல 12 வோல்ட் பேட்டரியில் 12.6 வோல்ட் அளவு இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்வதால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 15-க்கு மேல் ஏறுகிறது என்றால் ரெகுலேட்டரில் பழுது. அதைச் சரி செய்யாமல் புதுக் கருவி எதையும் பொருத்தக் கூடாது. விளக்கு பல்பு அடிக்கடி போவதும் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் இதே கோளாறின் அறிகுறிகள்தாம்.

மூன்று ஒயர், மூன்று வேலை

தனியாக வாங்கும் ஸ்டீரியோ செட்டுகளில் மின்சாரத்துக்கு முக்கியமாக மூன்று ஒயர்கள் வரும். மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியோடு தொடர்பில் இருக்க வேண்டியது. செட்டின் நினைவு இதனால்தான் நிற்கும். சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் சேர வேண்டியது. கறுப்பு ஒயர் எர்த். வண்டியின் பாடி இரும்பில் சேர்வது.

இவற்றை மாற்றி இணைப்பதால் வரும் தொல்லைகள் பல. மஞ்சளையும் சாவிக்குப் பின் உள்ள ஒயரில் சேர்த்துவிட்டால், சாவியை எடுத்ததும் செட்டு எல்லாவற்றையும் மறந்துவிடக்கூடும். மறுநாள் காலை போனை மீண்டும் ஜோடி சேர்க்க நேரும். சிவப்பை நேரடியாகப் பேட்டரியில் சேர்த்துவிட்டால், சாவி எடுத்த பிறகும் செட்டு விழித்தே கிடக்கும். விடியற்காலை மூன்று மணிக்குப் பூவை ஏற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் வண்டி கிளம்பாது. மார்கழிக் குளிரில், கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில், பேட்டரி ஏற்கெனவே மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் வண்டி தள்ள ஆள் கிடைப்பது அரிது.

செட்டின் ஒயர் நிறத்துக்கு ஒரு பொது வழக்கம் உண்டு. வண்டியின் ஒயர் நிறத்துக்கு அப்படி இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே நிறத்தை நம்பி இணைக்கக் கூடாது. டெஸ்ட் லேம்ப் வைத்து, சாவி போட்ட நிலை, எடுத்த நிலை இரண்டிலும் சோதித்த பிறகே இணைக்க வேண்டும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். முன்பு வைத்திருந்தவர் செட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒயரை நறுக்கி டேப் சுற்றி விட்டிருப்பார். எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஸ்பீக்கர் ஒயரிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அந்தக் காலச் செட்டுகளில் ஸ்பீக்கரின் ஒரு ஒயரைப் பாடியில் எர்த் செய்வது வழக்கம். இன்றைய செட்டுகளில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிபயர் போய்விடும். இரண்டு ஒயரையும் செட்டு வரை தனித்தனியாகவே கொண்டு வர வேண்டும்.

ப்யூஸ் இல்லாமல் கூடவே கூடாது

கிணற்று மோட்டாருக்கு ப்யூஸ் போடாமல் யாரும் ஓட்டுவதில்லை. காயில் போனால் என்ன செலவாகும் என்று தெரியும். ஆனால் வண்டியில் மட்டும், "சின்ன கருவிதானே" என்று பேட்டரியில் இருந்து நேராக ஒரு மெல்லிய ஒயரை இழுத்து இணைத்து விடுகிறார்கள். இதுதான் மிகப் பெரிய தவறு.

மோட்டார் 230 அல்லது 415 வோல்ட், வண்டி 12 வோல்ட்தானே என்று எண்ணுவது சரியல்ல. 12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் வண்டியின் பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றுவதற்காக நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தரக்கூடியது. ப்யூஸ் இல்லாத மெல்லிய ஒயர் எங்காவது உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டால், அத்தனை ஆம்பியரும் அதன் வழியே பாயும். ஒயர் செக்கச் செவேல் என்று பழுத்து, டாஷ்போர்டுக்குள் தீ பிடிக்கும். அரை அங்குலக் குழாயில் பத்து குதிரைச் சக்தி மோட்டாரின் தண்ணீரை விடுவது போன்றது இது.

ப்யூஸ் போடுவது கருவியைக் காப்பதற்கு மட்டும் அல்ல, முதலில் ஒயரைக் காப்பதற்கு. ஆகையால் மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ப்யூஸ் இருக்க வேண்டும். கருவிக்குப் பக்கத்தில் போட்டால் இடையில் உள்ள ஒயருக்குக் காவல் இல்லாமல் போகும். சிறு கருவிக்கு 2 அல்லது 3 ஆம்பியர் போதும். ஸ்டீரியோ செட்டுக்கு, செட்டோடு வரும் குறிப்பில் என்ன அளவு கண்டுள்ளதோ அதுவே போட வேண்டும். பெரும்பாலும் 10 ஆம்பியர் இருக்கும். தட்டை ப்யூஸ்களில் நிறத்தைக் கொண்டே அளவு சொல்லலாம். 2 ஆம்பியர் சாம்பல், 3 ஊதா, 5 வெளிர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். ப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 10-க்குப் பதில் 20 போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுவதும் தீயை அழைப்பதற்குச் சமம்.

ப்யூஸ் பெட்டியிலேயே செருகிக் கிளை எடுக்கும் சிறு இணைப்பு ஒன்று எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. ஒயரை அறுக்காமல் வேலை முடிந்துவிடும். ஆனால் ஹெட்லைட், பிரேக், ஏர்பேக், எஞ்சின் கம்ப்யூட்டர் ஆகியவற்றின் ப்யூஸில் இருந்து கிளை எடுக்கக் கூடாது. ரேடியோ அல்லது சிகரெட் லைட்டர் ப்யூஸில் இருந்து எடுக்கலாம். வாரண்டி முடியாத புது வண்டியில் கம்பெனி ஒயரை வெட்டி ஒட்டினால், பின்னால் மின்கோளாறு வரும்போது வாரண்டியை மறுக்க அவர்களுக்கு இடம் கொடுத்ததாகும். வெட்டாமல் செருகும் இணைப்புகளையே கேட்டு வாங்க வேண்டும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். முடிந்த பின் அதையே கடைசியில் மாட்ட வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. பாசிடிவ் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானரின் மறுமுனை பாடியில் பட்டுவிட்டால் பெரும் பொறி பறக்கும். பேட்டரியில் இருந்து கசியும் ஹைட்ரஜன் வாயு அந்தப் பொறியில் பற்றி, பேட்டரியே வெடிக்கவும் கூடும். நெகடிவைக் கழற்றிவிட்டால் பிறகு ஸ்பானர் பாடியில் பட்டாலும் கேடில்லை.

எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே திருகி விடுவது இன்னொரு பொதுவான பிழை. பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளபளப்பாகத் தெரிந்த பிறகு வளையம் வைத்து இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவ வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் எஞ்சின் வேகம் கூடக் கூட ஸ்பீக்கரில் 'உய்ங்' என்ற ஓசையும் கூடும். செட்டு கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போவார்கள். உண்மையில் பிழை எர்த்தில் இருக்கும். செட்டுக்கும் அதனோடு சேர்ந்த மற்றக் கருவிகளுக்கும் ஒரே இடத்தில் எர்த் கொடுத்தால் இந்த ஓசை பெரும்பாலும் அடங்கும்.

மைக் வைக்கும் இடம்

எதிர்முனையில் இருப்பவருக்கு நாம் பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டும். இல்லையேல் ஒரே செய்தியை நான்கு முறை சொல்ல நேரும். அத்தனை நேரமும் கவனம் சாலையில் இருக்காது. மைக், ஓட்டுபவரின் வாயில் இருந்து ஒன்று முதல் ஒன்றரை அடி தூரத்தில், வெயில் மறைப்பின் ஓரத்திலோ, ரியர்வியூ கண்ணாடிக்கு அருகிலோ இருப்பது நலம். ஜன்னல் ஓரத்தில் வைத்தால் காற்றின் இரைச்சலே கேட்கும். சிறு லோடு வண்டிகளில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவதே வழக்கம் ஆகையால், மைக்கின் மேல் சிறு பஞ்சு உறை போடுவது நல்லது. ஸ்பீக்கருக்கு நேர் எதிரிலும் மைக் கூடாது. பேசுவது எதிரொலியாகத் திரும்பி வரும்.

மைக் ஒயரை முன் கண்ணாடியின் ஓரத் தூண் வழியாக இறக்குவார்கள். ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் அது விரியும் பாதையில் ஒயரோ, போன் ஸ்டாண்டோ குறுக்கிடக் கூடாது. எந்த ஒயரும் பிரேக், கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் மிதிகளின் பக்கம் தொங்கக் கூடாது. ஸ்டீயரிங் தண்டோடு சேர்த்துக் கட்டவும் கூடாது.

போன் ஸ்டாண்டு சாலையை மறைக்காத உயரத்தில் இருக்கட்டும். பகல் நடையில் வெயில் நேரே விழும் இடத்தில் போனை வைத்தால் சூடேறி நின்றுவிடும். பேட்டரி உப்பிப் போவதும் உண்டு.

ஜோடி சேர்த்தல்

வண்டியை நிறுத்தி வைத்த நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். போனில் புளூடூத்தைத் திறந்து, கருவியின் பெயர் தெரிந்ததும் தொட்டால் போதும். எண் கேட்டால் 0000 அல்லது 1234 என்பதே பல கருவிகளுக்குப் பொருந்தும். ஒரு முறை சேர்த்துவிட்டால் அடுத்த முறை தானே சேர்ந்துகொள்ளும்.

தகப்பனார் போன், மகன் போன் இரண்டையும் ஒரே கருவியில் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசலில் வண்டி கிளம்பும்போது வீட்டுக்குள் இருக்கும் போனோடு கருவி சேர்ந்துகொள்ளும். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் தொடர்பு அறுபடும். வெளியூர் போகாத போனில் புளூடூத்தை மூடி வைப்பதே எளிய வழி.

மண்டிக்காரர், வீடு, பங்காளி என்று மூன்று நான்கு எண்களுக்குத் தனித்தனி மணி ஓசை வைத்துக்கொண்டால், யார் என்று பார்க்க முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் பாஸ்டேக் பணம் பிடித்ததும் ஒரு குறுஞ்செய்தி வரும். எவ்வளவு பிடித்தார்கள் என்று உடனே பார்க்கத் தோன்றும். பணம் போனது போனதுதான். மண்டியில் இறக்கிய பிறகு பார்த்தாலும் அதே தொகைதான் இருக்கும்.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. ஜூஜூவாடியை ஒட்டிய பகுதியில் போன், தமிழ்நாட்டுக் கோபுரத்தை விட்டுக் கர்நாடகக் கோபுரத்தைப் பிடிக்கும்போது பேச்சு பாதியில் அறுந்து போவது உண்டு. கருவி பழுது என்று எண்ண வேண்டாம். உடனே திரும்ப அழைக்கவும் முயல வேண்டாம். எல்லையைத் தாண்டிச் சற்று தூரம் போனதும் தானே சரியாகிவிடும்.

கை சும்மா இருந்தாலும் மனம் சும்மா இல்லை

கனடாவின் டொரான்டோ நகரில், செல்போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 டிரைவர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இருவர் செய்த ஆராய்ச்சி அது. போன் பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு இருந்தது. கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் கை தொடாத கருவியில் பேசியவர்களுக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-இல், ஓட்டும்போது இரண்டு வகையையும் தடை செய்ய வேண்டும் என்று மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது.

பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவது மட்டும் ஆபத்தில்லையா என்று கேட்கலாம். பக்கத்தில் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார். முன்னால் லாரி பிரேக் போட்டால் அவரே பேச்சை நிறுத்தி, "பார்த்து, பார்த்து" என்கிறார். மண்டியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. அவர் விலையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓட்டுபவரின் மனம் கிரேட் எண்ணிக்கையையும் ரூபாயையும் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். கண் திறந்திருந்தாலும் எதிரே இருப்பது மனத்தில் பதியாது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. விலையை மனத்தில் கணக்கிடும் மூன்று நொடியில் 50 மீட்டர் போய்விடும். நிறைய லோடு ஏற்றிய வண்டி பிரேக் பிடித்து நிற்க இன்னும் தூரம் வேண்டும். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஷிப்ட் மாறும் வேளையில் அந்த 50 மீட்டரில் எத்தனை பேர் சாலையைக் கடப்பார்கள் என்பதை இந்த வழியில் போகிறவர்கள் அறிவார்கள். பனி மூடிய தை மாத விடியலில் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதே கடைசி நேரத்தில்தான்.

ஆகவே கருவி இருந்தாலும், பேச்சு ஒரு வரிக்குள் முடிய வேண்டும். "வண்டி அத்திப்பள்ளி தாண்டிவிட்டது", "மடிவாளாதானே, சரி" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். விலை பேரம், கணக்கு, பாக்கி, சண்டை எதுவும் ஓட்டும்போது வேண்டாம். "வண்டி ஓட்டுகிறேன், நிறுத்திவிட்டுப் பேசுகிறேன்" என்று சொன்னால் சரக்கு வாங்குகிற எந்த மண்டிக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் சரக்கு வந்து சேர வேண்டும்.

இதைவிட நல்லது, புறப்படும் முன்பே ஏற்பாடு செய்துகொள்வது. எந்த மண்டி என்பதை முடிவு செய்ய வேண்டிய இடம் ஓசூர். அங்கே இருந்து ராயக்கோட்டைக்கும் திரும்பலாம், உழவர் சந்தைக்கும் போகலாம், பெங்களூருக்கும் விடலாம். ஓசூரில் டீக்கடையில் வண்டியை நிறுத்தும் நேரத்தைச் சொல்லி, "அந்த நேரத்துக்கு அழையுங்கள்" என்று மண்டியில் முன்கூட்டியே சொல்லி வைத்தால், வழியில் பேச வேண்டியது மிகவும் குறைந்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ட இடத்தில் நிறுத்துவதும் கூடாது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பின்னால் வந்து மோதும் லாரிகள் பல. பெட்ரோல் பங்க், ஓட்டல் வாசல், சர்வீஸ் ரோடு ஆகிய இடங்களில் முழுதும் உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும்.

வண்டியில் கூட ஓர் ஆள் போனால், போனை அவரிடம் கொடுத்துவிடலாம். சரக்கு இறக்கக் கூட வருகிறவரோ, மகனோ பேசிக்கொள்வார். இதற்குப் ப்யூஸும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். எந்தக் கடையிலும் இதைவிட நல்ல கருவி கிடைக்காது.

போனால் நன்மையும் உண்டு. மேலே சொன்ன டொரான்டோ ஆராய்ச்சியில், விபத்துக்குப் பிறகு 39 சதவீதம் பேர் அதே போனைக் கொண்டு அவசர உதவியை அழைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 ஆம்புலன்ஸ் எண்ணே கர்நாடகத்திலும் வழங்குகிறது. எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் இதே எண்தான்.

டிராக்டர், மொபெட்

டிராக்டர் ஓட்டும்போது இக்கருவிகள் பயன்படா. இரைச்சலில் ஒன்றும் கேட்காது. ரோட்டவேட்டர் ஓடும்போது பேச்சு வேறு வேண்டுமா? நிறுத்தி, இறங்கிப் பேச வேண்டும்.

ஓசூரில் 1980-இல் பிறந்த டி.வி.எஸ். 50-இன் வழி வந்த மொபெட்டுகள், பால் கேனும் கீரைக் கட்டுமாக இந்த வட்டாரமெங்கும் ஓடுகின்றன. ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிப் பேசிக்கொண்டு போவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. கை தொடவில்லையே என்று நினைக்கலாம். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். போன் நழுவினால் கை தானாக அதைப் பிடிக்கப் போகும். அந்த நேரத்தில் 40 லிட்டர் கேன் பின்னால் இருந்தால் வண்டி நிற்காது. மொபெட்டில் போன் பையிலேயே இருக்கட்டும்.

பராமரிப்பு

கொட்டகையில் தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் எலியைக் கவனிக்க வேண்டும். புது ஒயரின் மேல்தோலை அது விரும்பிக் கடிக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே ஓடும் ஒயர்களுக்கு நெளிவுக் குழாய் உறை போட்டு, கேபிள் டையால் கட்டிவிட வேண்டும். உர மூட்டை ஏற்றிய பிறகு வண்டியைக் கழுவும்போது பேட்டரி முனைகளையும் பார்க்க வேண்டும். உரத் தூளும் ஈரமும் சேர்ந்தால் இணைப்பு அரித்துப் போகும். வெந்நீர் ஊற்றித் துடைத்து, காய்ந்த பின் வாசலின் தடவலாம். தண்ணீரை டாஷ்போர்டில் அடிக்கக் கூடாது.

சரக்கு இல்லாத மாதங்களில் வண்டி சும்மா நிற்கும். ஸ்டீரியோ செட்டின் நினைவுக்காக மஞ்சள் ஒயரில் சிறு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் மணி. ஒரு மாதத்தில் சுமார் 15 ஆம்பியர் மணி. 40 ஆம்பியர் மணி பேட்டரியில் இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்தக் காலத்தில் செட்டின் ப்யூஸை எடுத்து வைக்கலாம், அல்லது பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி வைக்கலாம். செருகிய சார்ஜரையும் எடுத்துவிட வேண்டும்.

மைக்கின் சிறு துளையில் கோணிப்பைத் தூசி அடையும். சத்தம் மங்கினால் முதலில் அதை மெல்லிய தூரிகையால் துடைத்துப் பார்க்கலாம். மாதம் ஒரு முறை, வண்டியை நிறுத்திவிட்டு வீட்டில் ஒருவரை அழைக்கச் சொல்லி, எஞ்சின் ஓடும்போது பேச்சு இரு புறமும் தெளிவாகக் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். வண்டியை விற்கும்போது, செட்டில் பதிந்திருக்கும் போன் பெயர்களையும் எண்களையும் அழித்துவிட்டே சாவியைக் கொடுக்க வேண்டும்.